கை தூக்காத மாணவனும் முகமறியா வாக்கும்

விழாக் காலம் நன்றி கூறும் காலம். கல்லூரி அன்னையின் பெருமைகளை எடுத்தியம்பும் கட்டுரைகள் இம்மலரிற் பல இடம்பெறும் என்பதை நாம் அறிவோம். அப்பணியை எம்மினும் வல்லார் செய்வர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது சிறியதொரு விடயம். ஆயினும் பழைய மாணவர் சங்கத்தாரின் பணமும் ஆசிரியராகிய எமது மானமும் அதில் ஒருங்கே சம்பந்தப்பட்டிருப்பதால், சங்கக் கூட்டத்திற் சொல்லி முடித்துவிடாமல் விழா மலரிலேயே எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டின் இறுதியில், கனடாவில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர் சங்கத்துக்குக் கடிதம் ஒன்று எழுதினார். தரம் 10, 11 வகுப்புகளின் உபயோகத்துக்கென 40 தட்டைக் கணினிகளும் ஒரு பெருந்திரையும் வாங்கித் தருவதற்குத் தாமும் தம் நண்பர் சிலரும் ஆயத்தமாயிருப்பதாக அதில் தெரிவித்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆசிரியர் வகுப்பில் வினா எழுப்பும்போது மாணவர் தம் பெயர் வெளிப்படாமல் விடையளிப்பதற்கு அவை பயன்பட வேண்டும். கை தூக்க அஞ்சும் பிள்ளைக்கும் ஒரு வாய் வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். செயற்குழுவினர் அக்கடிதத்தை எம்மிடம் தந்து அபிப்பிராயம் கேட்டனர். இத்தகைய கருவிகளோடு சில காலமாக நாம் மல்லாடி வருவதை அவர்கள் அறிவர். எமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம்: கருத்து மிக நன்று; கணினிகள் இப்போதைக்கு வேண்டா. காரணங்களைச் சொல்லுமுன் வேறு சில சொல்ல வேண்டியிருக்கின்றது.

முகமறியா வாக்கு என்று நாம் கூறுவது யாதென, வெண்கட்டியும் கரும்பலகையும் மட்டுமே கண்டு கல்லூரியை விட்டு நீங்கிய மூத்த பழைய மாணவர்களுக்கு முதற்கண் விளக்குதல் கடன். ஆசிரியர் ஒரு வினாவையும் அதற்குரிய நான்கு விடைகளையும் திரையில் இடுவார். மாணவர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள தொலைபேசியிலோ கணினியிலோ தமக்குச் சரியெனப்பட்ட விடையைத் தொடுவர். எத்தனை பேர் எவ்விடையைத் தெரிந்தனர் என்பது பட்டை பட்டையாகத் திரையில் எழும்பும். எவர் எதனைத் தொட்டார் என்பது தெரியாது. சுவீடன் நாட்டில் தோன்றிய மென்ரிமீற்றர், சிலோவாக்கியாவில் தோன்றிய ஸ்லைடோ முதலியன இத்தகையன. 2013 இல் நோர்வேயிலிருந்து வெளிவந்த கஹூட் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதில் விரைவுக்கும் புள்ளி உண்டு, முந்தியவர் மேடையேற்றப்படுவர். அதனை நாம் விளையாட்டுப் போட்டியோடு சேர்த்து எண்ணுவோமேயன்றி இங்குப் பேசும் பொருளோடு சேர்க்கமாட்டோம். மெல்லச் சிந்திக்கும் பிள்ளைக்கு அது புதியதொரு வெட்கத்தையே தரும்.

வாக்கை மறைத்து அளிக்கும் முறை தேர்தல்களில் 1856 இல் அவுஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளாகிய விக்ரோறியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் சட்டமாயிற்று. பிரித்தானியா 1872 இல் அதனை ஏற்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலையே இதற்கெல்லாம் மூலமென மேடைகளில் முழங்குவோர் உளர். குடவோலை என்பது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த சீட்டு முறை, வாக்கு அன்று. தமிழாசிரியராகிய நாமே இதனைச் சொல்லாவிடின் வேறு யார் சொல்வர்? அது நிற்க. நிலக்கிழானுக்கும் முதலாளிக்கும் அஞ்சிய குடியானவன் தன் மனத்திலுள்ளதைச் சொல்வதற்காகவே வாக்கு மறைக்கப்பட்டது. அங்ஙனமாயின், வகுப்பறையில் மாணவன் யாருக்கு அஞ்சுகின்றான் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா.

பக்கத்தில் இருப்பவனுக்கு அஞ்சுகின்றான் என்பது வெளிப்படை. அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் என்பார் 1951 இல் வெளியிட்ட பரிசோதனை இதனை நன்கு காட்டும். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளுள் அதற்குச் சமமானது எது எனக் கேட்டார். பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லக்கூடிய விடை. ஆனால் அங்கிருந்தோர் ஒருவரைத் தவிர ஏனையோர் முன்னரே பேசி வைத்தபடி ஒருமிக்கப் பிழையான கோட்டையே சுட்டினர். தன் கண்ணாற் கண்டதை விட்டு அந்த ஒருவரும் கூட்டத்தோடு சேர்ந்து பிழை சொன்னமை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் நிகழ்ந்தது. விடையைப் பிறர் அறியாமல் எழுதித் தர அனுமதித்தபோது அவ்விணக்கம் மிகக் குறைந்துவிட்டது. வளர்ந்தவர்க்கே இக்கதியாயின் பதினைந்து வயதுப் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ? "சரியென்போர் கை தூக்குக" என்று நாம் கேட்கும்போது முன் வரிசையில் மூன்று கைகள் எழும். பின்னர் அம்மூன்றையும் பார்த்து முப்பது கைகள் எழும். நாம் முப்பத்து மூன்று பேருக்கும் விளங்கியதென எண்ணிக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் செல்வோம்.

ஆசிரியரும் இதற்கு உடந்தை. வினா எழுப்பிய பின் ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடி அளவே என்று மேரி பட் றோ என்னும் ஆய்வாளர் 1970 களில் எழுதினார். அதனை மூன்று விநாடியாக நீட்டினால் வாய் திறவாதவரும் பேசுவர் என்பதும் அவர் கண்டது. ஆசிரிய கலாசாலையில் இதனைப் படித்துப் பரீட்சையிலும் எழுதிப் புள்ளி பெற்றோம். பல்லாண்டுகளின் பின் ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்து எம்மை நாமே அளந்தோம். மூன்று விநாடி எத்துணை நீளமானது என்பது அன்றுதான் தெரிந்தது.

இனிச் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று.

பதினெட்டு ஆண்டுகளின் முன், நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், தரம் 10 வகுப்பில் உவமைத்தொகையும் உருவகமும் படிப்பித்துக்கொண்டிருந்தோம். 'முகத்தாமரை' என்பது யாது என வினவினோம். நடு வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. வழக்கமாக எழும் கை அன்று. "உவமைத்தொகை சேர். முகம் தாமரை மாதிரித்தானே" என்றான் அம்மாணவன். "அப்படியெண்டால் உன்ரை முகத்தையும் கோயிற் கேணியிலை நட்டுவிடலாம் தம்பி" என்றோம். எமது சாதுரியத்தை நாமே மெச்சிக்கொண்டோம். வகுப்புக் கொல்லென்று சிரித்தது. அடுத்த பாடவேளைக்குள் அவனுக்குத் 'தாமரை' என்ற பட்டப்பெயர் ஒட்டிவிட்டது. அதன் பின் இரண்டாண்டுக் காலம் அவன் எமது பாடத்தில் ஒரு முறையேனும் கை தூக்கியதில்லை. நாம் அதனைக் கவனித்ததுமில்லை. முன்னேற்ற அறிக்கையில் 'அமைதியானவர்' என்று எழுதினோம். அக்காலத்தில் அது பாராட்டு.

சில ஆண்டுகளின் முன் அவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். பழைய மாணவர் இராப்போசனத்தில் எம்மிடம் வந்து, "சேர், தாமரையை நினைவிருக்கோ?" என்று சிரித்தபடியே கேட்டார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்துக்குக் கடிதம் எழுதியவர் அவரே. இதனை ஈண்டு எழுதுவதற்கு அவரிடம் அனுமதி பெற்றிருக்கின்றோம், பெயரை எழுதோம்.

அவரது கடிதம் வருமுன்னரே நாம் இம்முயற்சியில் இறங்கியிருந்தோம் என்றால் அதற்கு ஒரு பௌதிகவியற் பேராசிரியரே காரணம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்து எரிக் மசூர் என்பார், 1990 அளவில், தம் மாணவர் கடினமான கணக்குகளைச் செய்து சித்தி பெற்றும் விசை பற்றிய எளிய அடிப்படை வினாக்களில் தடுமாறுவதைக் கண்டார். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நாங்கள் வழக்கமாக எண்ணுகிறபடி எழுதுவதா என மாணவர் ஒருவர் கேட்டது அவரைத் திடுக்கிட வைத்ததாம். அதன் பின் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு வினாவைப் போடத் தொடங்கினார். மாணவர் தனியே சிந்தித்து வாக்களிப்பர். முடிவு சொல்லப்படாது. நூற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 70 வரையானோர் சரியாகச் சொல்லியிருப்பின், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு மீண்டும் வாக்களிக்குமாறு பணிப்பார். இரண்டாம் முறையில் சரியான விடை பெருகும். இம்முறையை விளக்கி 1997 இல் நூலும் வெளியிட்டார். அறிந்தவன் சொன்னதை அறியாதவன் கேட்டுக் கைமாற்றிக் கொள்கின்றான், அவ்வளவே என்று ஐயுறுவோர்க்கு, கொலறாடோப் பல்கலைக்கழகத்தார் 2009 இல் சயன்ஸ் இதழில் விடை தந்தனர். முதலில் ஒருவருமே சரியான விடை அறியாதிருந்த குழுக்களிலும், வாதித்த பின் அதே கருத்தைச் சார்ந்த புதிய வினாவுக்குச் சரியாக விடை சொல்வோர் தொகை கூடியது.

இவற்றைப் படித்தபோது எமக்கு வியப்பினும் நாணமே மிகுந்தது. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றுமொரு காற்பங்கு வருமென்றும், எஞ்சிய இரு காற்பங்கும் தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்புமென்றும் வகுத்து வைத்துள்ளார். அச்சூத்திரத்தை மாணவர்க்கு மனனம் செய்வித்து, ஒப்புவிக்கத் தவறியவனை வாங்கின்மேல் நிறுத்திய எம் போன்றோர், காற்பங்கு ஒன்றையே நாற்பது நிமிடமும் பரிமாறிக்கொண்டிருந்தோம். ஒருவன் இன்னொருவனோடு கதைத்தால் "அங்கே என்ன சத்தம்?" என்றோம்.

எமது கல்லூரியில் மாணவர் கைத்தொலைபேசி கொண்டுவருதல் கூடாது. ஆதலின் பிளிக்கேர்ஸ் என்னும் முறையே எமக்கு வாய்த்தது. அதில் மாணவர்க்கு எக்கருவியும் வேண்டா. கடதாசி அட்டை ஒன்று போதும். அட்டையின் நடுவில் கறுப்பு வெள்ளையாலான சதுரக் கோலம். ஒவ்வோர் அட்டைக்கும் ஒவ்வொரு கோலம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் மிகச் சிறியனவாக அச்சிடப்பட்டிருக்கும். தான் தெரிந்த எழுத்து மேலே வரும்படி அட்டையை மாணவன் பிடிப்பான். ஆசிரியர் தம் தொலைபேசியின் படக்கருவியை வகுப்பின் குறுக்கே ஒரு முறை செலுத்தினால் எல்லா அட்டைகளும் வாசிக்கப்பட்டு எண்ணிக்கை வந்துவிடும். கோலங்கள் வேறுபடுவதால் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தும் பயனில்லை. 40 அட்டைகள் கொண்ட தொகுதியை இணையத்திலிருந்து எடுத்துத் தடித்த கடதாசியில் அச்சிட்டோம். இதற்கு முன் கண்ணை மூடி நெஞ்சோடு விரல் காட்டும் முறையையும் பார்த்தோம். ஒரு செலவும் இல்லாத நல்ல முறைதான். ஆனால் எங்கள் பையன்கள் கண்ணை மூடுவதில்லை.

கடந்த தவணையில் அதே தரம் 10, அதே பாடம். உவமை முன்னே நின்று 'போன்ற' என்பது மறைந்து வந்தால் 'தாமரைமுகம்', அது உவமைத்தொகை. பொருள் முன்னும் உவமை பின்னுமாக நின்று இரண்டும் ஒன்றே எனப்படின் 'முகத்தாமரை', அது உருவகம் என்று உதாரணங்களோடு விளக்கினோம். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டோம். "ஓம் சேர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் சொல்லிற்று. பின்னர் அட்டைகளைக் கொடுத்து, 'முகத்தாமரை' யாது எனக் கேட்டு, உவமைத்தொகை, உருவகம், பண்புத்தொகை, வேற்றுமைத்தொகை என நான்கு விடை தந்தோம்.

வகுப்பிற் பாதிக்கு மேற்பட்டோர் உவமைத்தொகையைக் காட்டியிருந்தனர்.

அப்பட்டையைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் நின்றோம். பதினெட்டு ஆண்டுகளின் முன் எழுந்த அக்கை தனிக் கை அன்று என்பது எமக்குத் தோன்றியது. அன்றைய வகுப்பிலும் அட்டை இருந்திருப்பின் இப்படியொரு பட்டையே எழுந்திருக்கும். அவன் தன் அறியாமையைச் சொன்னவன் அல்லன். ஏனையோர் மனத்தில் வைத்திருந்ததை அவர்களுக்காகவும் சொன்னவன். அவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துத் தம் அறியாமையை மறைத்துக்கொண்டனர். நாம் எமது கற்பித்தலின் குறையை மறைத்துக்கொண்டோம்.

பட்டைகளை மாணவர்க்கும் காட்டினோம். சரியான விடையைச் சொல்லவில்லை. அதனைக் கண்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. பிழைவிட்டவன் தான் ஒருவனே என்றிருந்தவன், தன்னைப் போலப் பலர் உளர் என்பதைக் கண்ணாற் காண்பதால் வரும் சலசலப்பு அது. "பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள்" என்றோம். முதலில் நம்பவில்லை. பின்னர் அறை சந்தையாயிற்று. ஐந்து நிமிடம் வரிசைகளுக்கிடையே நடந்து கேட்டோம். பண்புத்தொகை எனக் காட்டியோர் சிலர் இருந்தனர் அல்லவா? அவர்களுட் கெட்டிக்காரன் ஒருவன், "முகமாகிய தாமரை என்று விரிக்கிறோம். 'ஆகிய' மறைந்தால் பண்புத்தொகை என்றுதானே சேர் படிப்பித்தவர்? பனைமரம் மாதிரி" என்று தன் நண்பனை மடக்கிக்கொண்டிருந்தான். இது பண்டிதர்களும் எளிதிற் புறந்தள்ள இயலாத வினா. இத்தனை ஆண்டு இப்பாடத்தைக் கற்பித்தும் ஒரு மாணவனும் இதனை எம்மிடம் கேட்டதில்லை. எண்ணியவர் இருந்திருப்பர், கேட்கவில்லை. அதற்கு அந்நண்பன், எமது பாடங்களில் இன்றுவரை வாய் திறவாதவன், சொன்ன மறுமொழி இது: "பனை மெய்யாவே மரம். முகம் மெய்யாவே தாமரையோ?" இலக்கண நூலார் இருபெயரொட்டுக்கும் உருவகத்துக்கும் இடையே காணும் வேறுபாட்டை அவன் ஒரு வரியிற் சொல்லிவிட்டான். இரண்டாம் முறை அட்டை தூக்கியபோது உருவகம் என்ற பட்டை ஏனைய மூன்றையும் கடந்து நின்றது.

ஆனால் இக்கருவியை வானளாவப் புகழ்வது எமது நோக்கமன்று. பிளிக்கேர்சில் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அட்டைக்கு இலக்கம் உண்டு. எந்த இலக்கம் எவருடையது என ஆசிரியர் பதிந்து வைத்தால் எவர் என்ன விடை காட்டினார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சக மாணவர்க்கு மறைவு, ஆசிரியர்க்கு மறைவன்று. மறைவென்று சொல்லிவிட்டுக் களவாய்ப் பெயர் குறித்து வைக்கும் ஆசிரியர் மாணவரின் நம்பிக்கையைக் கெடுக்கின்றார். நாம் அட்டைகளைக் குலுக்கி விருப்பம் போல் எடுக்க விடுகின்றோம். பிள்ளைகளின் பெயர்களைப் பிறநாட்டுக் கம்பனியொன்றின் ஏட்டில் ஏற்றவும் வேண்டியதில்லை. புள்ளி ஒருபோதும் இடுவதில்லை. புள்ளி வந்த அன்றே உண்மை போய்விடும்.

மறைவிலே கேடும் உண்டு என்பதை நாம் பட்டறிந்தவர்கள். 2020 மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டு, பின்னர்ச் சூம் வழியே வகுப்புகள் நடந்த காலத்தில், எவரும் பெயரின்றிச் சொற்களை எழுதித் திரையில் ஏற்றக்கூடிய கருவியொன்றை நாமும் எடுத்தோம். ஒரு கவிதையைப் படித்தபோது மனத்தில் எழுந்த சொல்லை எழுதுமாறு கேட்டோம். சில நிமிடம் நல்ல சொற்கள் வந்தன. பின்னர் ஒரு மாணவனின் பட்டப்பெயரும், அவனுடைய தந்தையின் தொழிலை இழித்துரைக்கும் சொல்லும் திரையிற் பெரிய எழுத்தில் எழுந்தன. எல்லார் வீட்டிலும் அது தெரிந்தது. எழுதியவன் யாரென அறிய வழியில்லை. அம்மாணவன் வகுப்பிலிருந்து மறைந்தான். பல நாள் வரவில்லை. நடமாட்டத் தடை நீங்கிய பின் அவன் வீட்டுக்குச் சென்று தாய் தந்தையர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அதன் பின் எமது வழக்கம் இது: தெரிவு விடைகளுக்கு மறைவு உண்டு, சொந்தச் சொல்லுக்கு இல்லை. மாணவர் தம் ஐயத்தை எழுத விரும்பின் துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியில் இடலாம். நாம் வாசித்த பின்பே அது வகுப்புக்கு வரும்.

எம் சக ஆசிரியர் ஒருவர், வயதிலும் அனுபவத்திலும் எம்மினும் மூத்தவர், வேறொரு தடை எழுப்பினார். விவாத மேடைகளிற் பெயர் பெற்ற கல்லூரி இது. எழுந்து நின்று தன் கருத்தைத் தன் பெயரோடு சொல்லப் பழக்குவதன்றோ எம் கடமை? முகத்தை மறைத்துப் பழகிய பிள்ளை நாளை ஊர்க்கூட்டத்தில் என்ன செய்வான்? இது நியாயமான தடை. இதற்கு நாம் முழு விடை வைத்திருப்பதாகச் சொல்லோம். நீந்தப் பழகும் பிள்ளைக்கு வாழைக்குற்றியைக் கொடுத்துக் கேணியில் இறக்குகின்றோம். குற்றியை எப்போது விலக்குவது என்பதே கேள்வி. இரண்டாம் வாக்கு முடிந்ததும் நாம், "உன் விடை என்ன?" என்று எவரையும் கேட்பதில்லை; "பக்கத்தில் இருப்பவர் சொன்ன காரணம் என்ன?" என்று கேட்கின்றோம். பிறன் சொன்னதை எடுத்துரைப்பதிற் பிழை வந்தாலும் மானம் போகாது. சில கிழமைகளில் "அவன் சொன்னான்" என்பது "நாங்கள் கதைத்தோம்" ஆகின்றது. பின்னர்ச் சிலரிடம் "நான் நினைக்கிறேன்" என்பதும் வருகின்றது. எல்லாரிடமும் அன்று. மேடையேறி முழங்கும் மாணவரை நாமும் மதிக்கின்றோம். ஆனால் அம்மேடையில் ஏறியோர் எப்போதும் ஒரு வகுப்பில் நால்வரே என்பதைப் பழைய மாணவர்கள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். ஏனைய முப்பத்தாறு பேரும் கைதட்டினர்.

நேரம் போதாது என்பாரும் உளர். உண்மை. இரு முறை வாக்கும் இடையிற் பேச்சுமாகப் பத்து நிமிடம் போய்விடும். எல்லாப் பாடத்துக்கும் இது ஏற்றதன்று. கிழமைக்கு ஒன்றோ இரண்டோ போதும். வினா ஆக்குவதுதான் பெரும்பாடு. ஒருவரும் தெரியாத பிழை விடையை வைப்பதாற் பயனில்லை. நாம் கடந்த ஆண்டு விடைத்தாள்களைப் பிரித்து, மாணவர் உண்மையாகவே விட்ட பிழைகளை எடுத்து விடைகளாக்குகின்றோம். பழைய விடைத்தாள் எடைக்குப் போகாமல் இப்படியாவது உதவுகின்றதே.

இனிப் பணத்தைப் பற்றி. 40 தட்டைக் கணினிகளுக்கு மின்னேற்ற வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், சில ஆண்டுகளில் மின்கலம் சோர்ந்துவிடும், இணையம் மழைக்காலத்தில் வரும் போகும். அட்டைகளோ கிழிந்தால் மீண்டும் அச்சிடலாம். கணினிகளால் வேறு பயன் உண்டென்பதை மறுக்கவில்லை. கணிதம், விஞ்ஞான ஆசிரியர் வேறு விதமாகக் கூறவுங்கூடும். எம்மைக் கேட்டால், எம் மாணவர் வாய் திறப்பதற்குப் பெருந்தடையாயிருப்பது தரம் 10 மண்டபத்தின் மறைப்புத் தட்டிகளே. ஒரே நீள மண்டபத்தில் நான்கு வகுப்புகள்; இடையில் ஆளுயரத் தட்டி. எமது மாணவர் ஐந்து நிமிடம் தம்முள் வாதித்தால் அடுத்த வகுப்பிற் கணித ஆசிரியர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கின்றார். அவர் மீது பிழையில்லை. பவணந்தியார் சொன்ன முக்காற் பங்கும் சத்தம் போட்டே வருவது. கூரை வரை சுவரெழுப்பி நான்கு அறைகளாக்கித் தந்தால் அதுவே இவ்விழாவின் பெருங்கொடை என்போம். பெருந்திரை ஒன்று மட்டும், அன்பர்கள் மனம் வைத்தால், இருக்கட்டும். பட்டைகளைத் தொலைபேசியிற் காட்டினால் கடைசி வரிசைக்குத் தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் செயற்குழுவினர்க்குச் சொன்னதோடு, கனடாவிலுள்ள அன்பருக்கும் எழுதினோம். கூடவே, முதல் வாக்கின் பட்டைகளைப் படமெடுத்து, 'உவமைத்தொகை' என்பதன்கீழ்க் கோடிட்டு அனுப்பினோம். மறுநாட் காலையில் மறுமொழி வந்தது. சுவர் விடயமாக நண்பர்களோடு பேசுவதாக எழுதியிருந்தார். அதன் கீழே ஓர் ஒற்றை வரி: "சேர், அப்ப 'மதிமுகம்' எது? பேரோடைதான் கேக்கிறன்."

விடையை அவருக்குத் தனியே எழுதவில்லை. வரும் தவணையின் முதற்கிழமையில் அவ்வினாவைத் தரம் 10 வகுப்பில் அட்டைக்கு விட எண்ணியிருக்கின்றோம். பட்டைகளை அவருக்கு அனுப்புவோம்.